ஊழியக்காரர் யார்? ஒரு எபிஸ்கோப்பல் பங்கு புத்துயிர் பெறும் விதம்

நம் ஊர்ச் சபைகளில் 'ஊழியக்காரர்' என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? குருவானவர் வருவார், உபதேசியார் வருவார், கன்வென்ஷன் மேடைக்கு வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார் வருவார். ஞாயிறு காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே வந்து கோயில் ஜன்னல்களைத் திறந்துவைக்கும் அம்மாவை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோகும் ரிட்டயர்டு வாத்தியாரையும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபை 1979இல் ஏற்றுக்கொண்ட ஜெபப் புத்தகத்தின் பின்பகுதியில், கேள்வி பதில் வடிவில் ஒரு ஞானோபதேசம் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி: திருச்சபையின் ஊழியர்கள் யார்? சபை மக்கள், பேராயர்கள், குருமார்கள், சேவைப் பணிக்கென்று அபிஷேகம் பெறும் டீக்கன்கள் என்று பதில் வருகிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிற்பது சபை மக்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் ஊழியர்தான், குருப்பட்டம் என்பது அந்தப் பெரிய ஊழியத்துக்குள் இருக்கும் ஒரு தனிப் பொறுப்பு என்பதுதான் அந்தப் பதிலின் சாரம்.

பங்கு, அதாவது ஓர் ஊர்ச் சபை, அதன் வாழ்வைப் புதுப்பிப்பது என்று எபிஸ்கோப்பல் சபைகளில் இன்று பேசப்படுவதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பதில் போதும் என்று நினைக்கிறேன். அந்தப் பதிலைப் புத்தகத்திலிருந்து இறக்கி, திங்கள் முதல் சனி வரை நடக்கும் ஒன்றாக மாற்றுவதுதான் புதுப்பித்தல். புதுக் கட்டடம், புது நிகழ்ச்சி, புதுக் குருவானவர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, இது எந்தத் திருச்சபை? 'எபிஸ்கோப்பல்' என்பது மேற்பார்வையாளர், அதாவது பேராயர், என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பேராயர்களைக் கொண்ட திருச்சபை என்று அர்த்தம். அமெரிக்கா சுதந்திரம் அடைந்த பிறகு, அங்கிருந்த இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. பேராயராக அபிஷேகம் பெற வேண்டுமானால் இங்கிலாந்து அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். விடுதலை வாங்கிய கையோடு அதை எப்படிச் செய்வது? கனெக்டிகட்டின் சாமுவேல் சீபரி ஸ்காட்லாந்துக்குப் போய், 1784 நவம்பரில் அபர்டீன் நகரில் அங்கிருந்த பேராயர்களின் கையால் அபிஷேகம் பெற்றார். 1789இல் பிலடெல்பியாவில் திருச்சபைக்கென்று சாசனமும் சொந்த ஜெபப் புத்தகமும் அமைந்தன. இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள சபைகளின் உலகளாவிய ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அதுவும் இருக்கிறது, நம் தென்னிந்தியத் திருச்சபையான சிஎஸ்ஐயும் இருக்கிறது. ஒரு வகையில் உறவுக்காரத் திருச்சபைதான்.

அதன் நிர்வாகத்தில் ஒரு விஷயம் நம் கட்டுரைக்கு முக்கியம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடும் பொதுப் பேரவைக்கு இரண்டு அவைகள் உண்டு. ஒன்று பேராயர்களின் அவை. இன்னொன்று பிரதிநிதிகளின் அவை. இந்த இரண்டாவதில் ஒவ்வொரு திருமண்டலத்திலிருந்தும் (ஒரு பேராயரின் நிர்வாகப் பகுதி) நான்கு குருமார் வரை வரலாம், நான்கு சபை மக்கள் வரை வரலாம். இரண்டு அவைகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் சட்டமாகும். ஆக, சாதாரண விசுவாசிக்கு அதிகாரம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஓட்டுப் போடும் அதிகாரம் ஊழியம் செய்யும் பழக்கமாக மாறவில்லை, அங்கேதான் குறை.

பங்கு அளவில் பார்த்தால் வெஸ்ட்ரி என்றொரு குழு இருக்கும். நம் சேகரக் கமிட்டி மாதிரி. அங்கி வைக்கும் அறையில் கூடியதால் அந்தப் பெயர். சபையார் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுப் போட்டு அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் இரண்டு வார்டன்கள். மூத்த வார்டன் குருவானவருக்குத் துணையாக நிற்பார். இளைய வார்டன் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வார். கூரை ஒழுகினாலும், ஹீட்டர் நின்றுபோனாலும் அவருக்குத்தான் போன் வரும். பங்கின் தலைமைக் குருவானவருக்கு ரெக்டர் என்று பெயர். நம் பக்கம் பேராயரகத்திலிருந்து மாற்றல் உத்தரவு வருகிற மாதிரி அங்கே வருவதில்லை. ரெக்டர் விலகினால், பங்கே ஒரு தேடல் குழு போட்டு, விண்ணப்பங்கள் பார்த்து, நேரில் பேசி, வெஸ்ட்ரி தீர்மானித்து, பேராயரின் ஒப்புதலோடு புதியவரை அழைக்கும்.

இனி, ஏன் இந்தப் பேச்சு எழுந்தது என்பதற்கு வருவோம். 1960களின் நடுவில் இந்தத் திருச்சபையில் 34 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருந்தார்கள். 2022 கணக்கில் 16 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2023இல் சராசரி ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் மொத்தமாக 4 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறார்கள். இவர்கள் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பங்குகளில் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், சராசரியாக ஒரு பங்கில் ஞாயிறன்று அறுபது பேர் அளவில்தான் தேறுகிறார்கள். இருநூறு பேருக்குக் கட்டிய கல் கோயிலில் முன் வரிசை காலி, நடு வரிசை காலி, கடைசி இரண்டு வரிசையில் நரைத்த தலைகள். பிறப்பு விகிதம் குறைந்தது, வளர்ந்த பிள்ளைகள் திரும்பி வரவில்லை, ஊர்களிலிருந்து வேலைகள் போயின, உள்ளுக்குள் பிரிவுகளும் நடந்தன, கடைசியில் கொரோனா வந்து கோயில் கதவுகளை மாதக்கணக்கில் மூடியது.

இப்படி ஆகும்போது வெஸ்ட்ரி கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "இளம் குடும்பங்களை எப்படி வரவைப்பது?" கேட்பவர்களின் கவலை உண்மையானது. கேள்வியில்தான் கோளாறு. அந்த இளம் குடும்பம் எதற்காக வர வேண்டும் என்று கேட்டால், 'எங்கள் கோயில் நீடிப்பதற்காக' என்பதைத் தவிர வேறு பதில் கையில் இருக்காது. இரண்டு பிள்ளைகளையும் வேலையையும் வைத்துக்கொண்டு மூச்சு முட்டும் ஒரு தாய்க்கு, இன்னொரு கமிட்டியில் இடம் இருக்கிறது என்பது நற்செய்தி ஆகாது.

நல்ல கேள்வி எது என்று தெரிந்துகொள்ள, நியூயார்க் மன்ஹாட்டனில் ஒன்பதாவது அவென்யூவும் இருபத்தெட்டாம் தெருவும் சந்திக்கும் மூலைக்குப் போக வேண்டும். அங்கே பரிசுத்த அப்போஸ்தலர்கள் பெயரில் ஒரு எபிஸ்கோப்பல் கோயில் இருக்கிறது. 1840களில் கட்டிய செங்கல் கோயில், அழகான வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் கொண்டது. 1980களின் தொடக்கத்தில் சபையார் மிகவும் குறைந்து, மூடிவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. அதே சமயம் கோயிலுக்கு வெளியே தெருக்களில் வீடில்லாதவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மலிவு வாடகை ஒற்றை அறை விடுதிகள் இடிபட்டன. மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே விடப்பட்டவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அரசு உதவிகளும் குறைந்தன.

சாகக் கிடந்த அந்தப் பங்கு, மூடுவதற்குமுன் பசித்தவர்களுக்குச் சாப்பாடு போடலாம் என்று தீர்மானித்தது. 1982 அக்டோபரில் சமையல் தொடங்கியது. முதல் நாள் வந்தவர்கள் முப்பத்தைந்து பேர் அளவில்தான். சில வருடங்களில் அது வார நாள் ஒவ்வொன்றுக்கும் பல நூறாகி, பிறகு ஆயிரத்தைத் தொட்டது. யார், எந்த மதம், குடித்திருக்கிறாரா, உண்மையிலேயே ஏழையா என்ற விசாரணை கிடையாது. வரிசையில் நின்றால் தட்டு கிடைக்கும்.

1990இல், பரிசுத்த வாரத்தில், கோயிலில் தீப்பிடித்தது. கூரை போனது, பழைய கண்ணாடிகள் பல உடைந்தன. அப்படியும் சாப்பாடு ஒரு நாள்கூட நிற்கவில்லை. நான்கு வருடம் கழித்துச் சீரமைப்பு முடிந்தபோது அவர்கள் எடுத்த முடிவைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நீள மர பெஞ்சுகளைக் கோயிலுக்குள் திரும்பப் போடவில்லை. தரையைக் காலியாக விட்டார்கள். வார நாட்களில் வட்ட மேசைகள் போட்டு, பீடத்துக்கு முன்னாலேயே, வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சத்திலேயே பந்தி நடந்தது. ஞாயிறன்று மேசைகளை ஓரம் கட்டி நாற்காலி போட்டால் அதே தரையில் நற்கருணை ஆராதனை. தனியாக ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டி ஏழைகளைப் பின்வாசலுக்கு அனுப்பாமல், கோயிலின் நடுக்கூடத்தையே கொடுத்தார்கள். பல வருடம் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு யூதச் சபைகூட அதே கூடத்தில் தன் வழிபாட்டை நடத்தியது. சாப்பிட வந்தவர்களுக்காக 1990களில் எழுத்துப் பட்டறையும் ஆரம்பித்தார்கள். வயிற்றுக்குச் சோறு கொடுத்ததோடு நிற்காமல், அவர்கள் சொல்லவிருந்ததையும் உட்கார்ந்து கேட்டார்கள்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் வைக்கும்போது, பெரிய அண்டாவில் சோறு வேக, ஊரே வரிசையாக உட்காரும். இலைக்கு முன்னால் எல்லாரும் ஒன்று. பீடத்தின் விருந்துக்கும் தெருவின் பந்திக்கும் உள்ள தொடர்பை நம் பாட்டிமார் எந்த இறையியல் வகுப்புக்கும் போகாமல் அறிந்திருந்தார்கள். அந்த நியூயார்க் பங்கு அசனத்தை வருடத்துக்கு ஒரு நாளோடு நிறுத்தாமல் வார நாளெல்லாம் ஆக்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

இந்தக் கதையைக் கேட்டு, உடனே 'நாமும் ஒரு சூப் கிச்சன் ஆரம்பிப்போம்' என்று கிளம்புவது அவசரம். அந்தப் பங்கிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர்கள் கேட்ட கேள்வி. 'நம்மிடம் யார் வருவார்கள்' என்பதை விட்டுவிட்டு 'நம் வாசலில் ஏற்கனவே யார் நிற்கிறார்கள்' என்று பார்த்தார்கள். மன்ஹாட்டனில் பசி நின்றது. இன்னொரு ஊரில் தனிமை நிற்கும். வயதானவர்கள் தனித்தனி வீடுகளில், வாரம் முழுக்க ஒருவரிடமும் பேசாமல் இருப்பார்கள். வேறோர் ஊரில் போதைப்பழக்கம். அமெரிக்கா முழுவதும் எத்தனையோ எபிஸ்கோப்பல் கோயில்களின் அடித்தள அறைகளில் குடியை விட முயல்கிறவர்களின் கூட்டங்கள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. அதே கட்டடத்தில் மேலே ஞாயிறு கூடும் சபையார் கீழே கூடுகிறவர்களின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பங்கின் புத்துயிர் அந்தப் படிக்கட்டில் இறங்கிப்போய் காபி போட்டுக் கொடுப்பதில்கூடத் தொடங்கலாம்.

இதற்கெல்லாம் அடியில் ஓடுவது ஞானஸ்நான உடன்படிக்கை. எபிஸ்கோப்பல் கோயிலில் ஞானஸ்நானம் நடக்கும்போது, குழந்தையின் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் மட்டும் பதில் சொல்வதில்லை, சபை முழுவதும் எழுந்து நின்று பதில் சொல்கிறது. இவரது கிறிஸ்தவ வாழ்வில் உங்களால் ஆனமட்டும் துணை நிற்பீர்களா என்று குருவானவர் சபையைப் பார்த்துக் கேட்பார். நிற்போம் என்பார்கள். அப்புறம் விசுவாசப் பிரமாணம், அதன்பின் ஐந்து கேள்விகள். அப்போஸ்தலரின் போதனையிலும் ஐக்கியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபத்திலும் நிலைத்திருப்பீர்களா? தீமையை எதிர்த்து நின்று, விழும்போதெல்லாம் மனந்திரும்புவீர்களா? சொல்லாலும் வாழ்வாலும் நற்செய்தியை அறிவிப்பீர்களா? எல்லா மனிதரிலும் கிறிஸ்துவைத் தேடிச் சேவை செய்து, அயலாரை உங்களைப் போல் நேசிப்பீர்களா? நீதிக்காகவும் சமாதானத்துக்காகவும் பாடுபட்டு, ஒவ்வொரு மனிதரின் மாண்பையும் மதிப்பீர்களா? ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: கடவுளின் துணையோடு, அப்படியே செய்வேன்.

புதிதாக இந்த விஷயத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது, இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே ஒரு பங்கின் வாராந்தர நிகழ்ச்சி நிரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது. எந்த ஊழியம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று கோடு போட்டால், சில கேள்விகளுக்கு நேரே ஒன்றுமே இருக்காது. சில நிகழ்ச்சிகள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. பங்கின் உடல்நிலை அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

குருவானவருக்குச் சம்பளம் கொடுக்கவே வழியில்லாத சின்னஞ்சிறு பங்குகள் என்ன செய்வது? இதற்கு ஒரு துணிச்சலான பதில் மிச்சிகன் மாநிலத்தின் வடக்குக் கோடியிலிருந்து வந்தது. சுரங்கமும் மரவெட்டும் நின்றுபோன சின்ன ஊர்கள், நீண்ட பனிக்காலம். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குருவை அனுப்புவது நடக்காத காரியம். 1980களில் பேராயர் தாமஸ் ரே காலத்தில் வடக்கு மிச்சிகன் திருமண்டலம் வேறு வழி எடுத்தது. ஒவ்வொரு சபையும் தனக்குள்ளிருந்தே ஒரு குழுவை அடையாளம் கண்டது. அவர்கள் நீண்ட நாள் சேர்ந்து படித்தார்கள். பிறகு பேராயர் வந்து சிலரைக் குருக்களாகவும் சிலரை டீக்கன்களாகவும் அபிஷேகம் செய்தார், மற்றவர்களைக் கல்வி, பராமரிப்பு, காணிக்கைப் பொறுப்புகளுக்கு நியமித்தார். சம்பளம் இல்லை. அவரவர் பள்ளிக்கூடத்திலும் கடையிலும் வேலை பார்த்துக்கொண்டே செய்தார்கள். படித்துப் பட்டம் பெற்ற குருவானவர்கள் பல சபைகளுக்குப் பொதுவாக இருந்து பயிற்சி கொடுத்தார்கள். நெவாடாவில் பேராயர் வெஸ்லி ஃப்ரென்ஸ்டார்ஃப் 1970களிலேயே இந்தப் பாதையைத் திறந்திருந்தார். ஒரு ஊழியரைச் சுற்றிக் கூடும் சபையாக இருப்பதைவிட, ஊழியம் செய்யும் சபையாக இருப்பது என்பதே அவர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்ட எண்ணம்.

இந்த எண்ணம் நமக்கும் அந்நியமில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலுங்கு பேசும் பகுதியான தோர்ணக்கல்லில் ஞானஸ்நானம் பெற்ற கிராமத்து மக்களிடம் அவர்கள் கையை அவர்கள் தலையிலேயே வைக்கச் சொல்வாராம். 'சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ' என்று பவுல் சொன்னதை ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரும் அந்த நொடியிலிருந்து ஊழியர். அதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்லிக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ரெக்டர் விலகிய காலம் பங்குக்குக் கிடைக்கும் ஒரு நல்ல வாய்ப்பு. பெரும்பாலும் அப்போது ஒரு இடைக்காலக் குருவானவர் வருவார். இந்த முறை வளர்ந்ததில் சபைகளுக்கு ஆலோசனை சொன்ன ஆல்பன் நிறுவனத்தை 1974இல் தொடங்கிய எபிஸ்கோப்பல் குருவானவர் லோரன் மீடின் பங்களிப்பு பெரியது. ஒருவர் போனதும் ஓடிப்போய் அடுத்தவரைப் பிடிக்காமல், நாம் யார், எதை இழந்தோம், எந்தச் சண்டையை மூடி வைத்திருக்கிறோம், அக்கம்பக்கம் எப்படி மாறியிருக்கிறது என்று சபையார் உட்கார்ந்து பேசும் காலம் அது. அதன் முடிவில் பங்கைப் பற்றி ஒரு விவரக் குறிப்பு எழுதுவார்கள், புதிதாக வர நினைக்கும் குருமார் அதைப் படிப்பார்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரி அழகை மட்டும் காட்டி எழுதினால், வருகிறவர் ஆறு மாதத்தில் ஏமாந்துபோவார். உள்ளதை உள்ளபடி எழுதிய பங்குக்கு நல்ல தொடக்கம் கிடைக்கும். அந்த இடைக்காலத்தில் சபையார் இன்னொன்றையும் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்: ரெக்டர் இல்லாமலேயே நோயாளிகளைப் பார்க்கப் போனோம், காலை ஜெபத்தை நாமே நடத்தினோம், எதுவும் நின்றுவிடவில்லை. அந்தக் கண்டுபிடிப்பைப் புது ரெக்டர் வந்த அன்றே மறந்துவிடாமல் இருக்க வேண்டும்.

ஜெபத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2018 மே மாதம் இளவரசர் ஹாரியின் கல்யாணத்தில் அன்பைப் பற்றி உரக்கப் பிரசங்கம் செய்த கறுப்பினப் பேராயர் நினைவிருக்கிறதா? அவர்தான் மைக்கேல் கரி, 2015 முதல் 2024 வரை எபிஸ்கோப்பல் திருச்சபையின் தலைமைப் பேராயர். அந்த 2018 ஜூலையிலேயே 'அன்பின் வழி' என்று ஏழு பழக்கங்களைத் திருச்சபை முன் வைத்தார். திரும்புதல், கற்றல், ஜெபித்தல், ஆராதித்தல், ஆசீர்வதித்தல், புறப்படுதல், இளைப்பாறுதல். இதில் புதிது ஒன்றுமில்லை என்று சிலர் நினைக்கலாம். புதிதாக இல்லாததுதான் அதன் பலம். பத்துப் பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து, ஒரு சங்கீதம் வாசித்து, இந்த வாரம் எங்கே தடுமாறினேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கும்போது பங்கு நிஜமாகவே அசைகிறது. டென்னஸியில் செவானி இறையியல் கல்லூரி 1975இலிருந்து நடத்தும் நான்கு வருடப் படிப்பும் இதே வகை. சபை மக்கள் சின்னக் குழுவாக வாரம் ஒருமுறை கூடி வேதாகமம், திருச்சபை வரலாறு, இறையியல் படிப்பார்கள். முடிவில் குருப்பட்டம் கிடையாது. நர்சாகவும் வக்கீலாகவும் இருந்துகொண்டே தன் ஊழியம் எது என்று கண்டுகொள்வதுதான் அதன் நோக்கம்.

அப்புறம், பீடத்தைப் பராமரிக்கும் குழு. பெரிய திட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர்களைக் கவனிப்பதே இல்லை. சனிக்கிழமை வந்து வெள்ளைத் துணிகளை இஸ்திரி போட்டு, கிண்ணத்தைத் துடைத்து, அப்பத்தை எண்ணி வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கிண்ணம் துடைத்த துணியை முதலில் தனியாக அலசுவார்கள். பல கோயில்களில் அந்தத் தண்ணீருக்கென்றே ஒரு தொட்டி உண்டு. அதன் குழாய் சாக்கடைக்குப் போகாது, நேரே மண்ணுக்குள் போகும். கிறிஸ்துவின் இரத்தமாக ஏற்றுக்கொண்டதன் ஒரு துளியும் சாக்கடையில் கலக்கக் கூடாது என்ற பயபக்தி. எழுபது வயது அம்மா ஒருவர் பதினைந்து வயதுப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, துணியை எந்தப் பக்கம் மூன்றாக மடிக்க வேண்டும் என்று காட்டும்போது, அங்கே கைமாறுவது மடிப்பு மட்டுமில்லை. அந்தப் பதினைந்து வயதுப் பெண் இல்லாத பங்குகளில்தான் பிரச்சினை. 'எனக்கு முடியும்வரை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று அந்த அம்மா இருபது வருடமாகச் சொல்லியிருப்பார். அன்போடுதான் சொல்லியிருப்பார். அந்த அன்பே அடுத்தவருக்குக் கதவை மூடிவிட்டிருக்கும்.

இதோடு ஒட்டியதுதான் நிறுத்தத் தெரிவது. வருடாவருடம் நடக்கும் பஜார், நான்கு பேர் மட்டும் வரும் காலைச் சிற்றுண்டி, யாருக்கும் விருப்பமில்லாமல் இழுக்கப்படும் ஒரு கமிட்டி. தொடங்கியவர்களை நினைத்து யாரும் நிறுத்தத் துணிவதில்லை. நல்ல பங்குகள் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கின்றன. ஆராதனையில் அந்த ஊழியத்தின் பெயரைச் சொல்லி, அதில் உழைத்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, நன்றி செலுத்தி, முடித்துவைப்பார்கள். சத்தமில்லாமல் விட்டுவிட்டால் அவமானம்போல் இருக்கும். நன்றியோடு முடித்தால் அதே ஆட்கள் மூன்று மாதம் இளைப்பாறிவிட்டு வேறொன்றுக்குக் கை கொடுப்பார்கள்.

காணிக்கை விஷயம் சீக்கிரமே சொல்லிவிடலாம். இலையுதிர் காலத்தில் பங்குகளில் வாக்குறுதி அட்டை கொடுப்பார்கள். அடுத்த வருடம் இவ்வளவு கொடுப்பேன் என்று குடும்பங்கள் எழுதிக் கொடுக்கும், வெஸ்ட்ரி அதைவைத்து பட்ஜெட் போடும். 'பற்றாக்குறை இருக்கிறது, கொடுங்கள்' என்று மட்டும் கேட்கும் பங்கில் கொடுப்பவர்கள் சோர்ந்துவிடுவார்கள். போன வருடக் காணிக்கையால் யார் சாப்பிட்டார்கள், எந்தப் பிள்ளை படித்தது என்று சொல்லும் பங்கில் கேட்காமலேயே கை நீளும்.

புதியவர்களை வரவேற்பது பற்றி ஒரு வார்த்தை. ஆராதனைக்குப் பிறகு காபி நேரம் உண்டு. பழைய ஆட்கள் தங்களுக்குள் வட்டமாக நின்று பேசுவார்கள், புதிதாக வந்தவர் பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருப்பார். சிரித்த முகத்தோடு கை குலுக்குவது வரவேற்பின் முதல் படிதான். அவர் பெயரை இரண்டாம் வாரமும் நினைவில் வைத்திருப்பது அடுத்த படி. அவருக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டு அதற்கு இடம் கொடுப்பது மூன்றாவது, மிகவும் கடினமானதும் அதுதான். ஏனென்றால், இடம் கொடுத்தால் அவர் நம் வழக்கப்படி செய்ய மாட்டார், தன் வழக்கப்படிதான் செய்வார். 1794இல் பிலடெல்பியாவில் அப்சலோம் ஜோன்ஸ் தலைமையில் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று எபிஸ்கோப்பல் சபையை அமைக்க நேர்ந்ததன் பின்னணியில், முன்பு இருந்த வேறொரு சபையின் கோயிலில் ஜெபத்தின் நடுவே அவர்களை இடம் மாறச் சொன்ன கொடுமை இருக்கிறது. யாருக்கு எந்த இருக்கை என்ற கேள்வியில் எவ்வளவு வலி அடங்கியிருக்கிறது என்பதை இந்தத் திருச்சபை அறியாமல் இல்லை.

எல்லாப் பங்குகளும் பிழைப்பதில்லை. சில மூடப்படுகின்றன, சில பக்கத்துப் பங்கோடு சேர்கின்றன, சில தங்கள் நிலத்தை மலிவு வாடகை வீடுகள் கட்டக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன ஜெப அறையோடு தொடர்கின்றன. 2024 நவம்பரில் தலைமைப் பேராயரான ஷான் ரோ, அதற்கு முன் வடமேற்குப் பென்சில்வேனியா, மேற்கு நியூயார்க் ஆகிய இரண்டு திருமண்டலங்களையும் ஒன்றாக நடத்திப் பார்த்தவர். அலுவலகச் செலவைக் குறைத்து மிச்சத்தை ஊர்களுக்குத் திருப்ப வேண்டும் என்ற பேச்சு இப்போது மேலிடத்திலும் கேட்கிறது.

அமெரிக்காவில் குடியேறிய சிஎஸ்ஐ குடும்பங்கள் பலர், பக்கத்தில் தமிழ்ச் சபை இல்லாத ஊர்களில் எபிஸ்கோப்பல் கோயிலுக்குப் போகிறார்கள். ஒரே ஐக்கியம் என்பதால் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் அப்படியே செல்லும், சபை மாற்றுக் கடிதம் கொண்டுபோனால் போதும். அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும். அன்று ஒரு சின்ன அறிக்கைப் புத்தகம் கொடுப்பார்கள். கணக்குப் பக்கத்தை அப்புறம் பார்க்கலாம். ஊழியங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இருக்கும் பெயர்களைப் படியுங்கள். ஒரே ஐந்து பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தால், அந்த ஐந்து பேரும் களைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவரிடம் போய், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேளுங்கள்.